அரணுக்கு எத்தனை வாயில்?

மாட்டுங்காவிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவு சென்றால், சயான் குன்றின்மேல் சிதைந்த கோட்டை ஒன்று நிற்பதைக் காணலாம். 1669ஆம் ஆண்டிற்கும் 1677ஆம் ஆண்டிற்கும் இடையே, ஜெரார்டு ஆஞ்சியர் பம்பாயின் கவர்னராக இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டியது அது. அந்நாளில் கோட்டைக்கு இப்புறம் கம்பெனியின் பம்பாய். அப்புறம் போர்த்துகீசியரின் சால்செட் தீவு. தாராவியில், மித்தி ஆற்றின் பக்கமாக, 1737இல் எழுந்த காலா கில்லா இன்று வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே மறைந்து கிடக்கிறது. அவ்வழியே நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்களில் பலர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டும் பெரிய கோட்டைகள் அல்ல. ஓர் எல்லையில் நின்று, வருகிறவன் யார் என்று பார்ப்பதே அவற்றின் பணி.

அதே பணியைக் கணிப்பொறி உலகில் செய்யும் ஒன்றைப் பற்றியே இன்றைய பேச்சு. ஆங்கிலத்தில் அதனை ஃபயர்வால் என்பார்கள். தமிழில் தீச்சுவர் என்பாரும் உண்டு. தீயரண் என்பாரும் உண்டு. மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களின்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். ஃபயர்வால் என்பது முதலில் கட்டடக்கலைச் சொல். அடுத்த வீட்டில் பற்றிய தீ நம் வீட்டுக்குத் தாவாதபடி நடுவே எழுப்பும் சுவர் அது. கணிப்பொறிக்கு முன் எழுப்பும் சுவரோ வாயில் வைத்தே தீர வேண்டிய சுவர். சிலரை உள்ளே விட வேண்டும். சிலரைத் தடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே சென்று திரும்பவும் வழி வேண்டும். ஆகவே சுவர் என்பதினும் அரண் என்பதே பொருந்தும் என்று கருதித் தீயரண் என்னும் சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

தீயரண் செய்வது யாது? இணைய வழியே செல்லும் செய்தி எதுவாயினும் அது சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எந்தத் துறை எண்ணுக்கு உரியது என்னும் குறிப்பு ஆகியவை இருக்கும். ஒரு கணிப்பொறிக்கு அறுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட துறை எண்கள் உண்டு. தீயரண் இரு வலைகளுக்கும் நடுவே அமர்ந்து, பொதியின் மேலெழுத்தைப் படித்து, போகலாம் அல்லது கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறது. வெளிப்படையாக அனுமதிக்காத அனைத்தும் மறுக்கப்பட்டதே என்பது அதன் முதல் விதி. விதி எளிது. அவ்விதியை நடத்தும் காவலனிடம் எத்தனை கருவிகளைக் கொடுத்து வைப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

அச்சிக்கல் நம் வாயிலுக்கே வந்தது. மாட்டுங்காவில் நம்மவர் நடத்தும் சிறிய கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று உண்டு. தாராவியில் இட்லி அவித்து விற்போர், தையற்காரர்கள், மாட்டுங்காச் சந்தையில் பூத்தொடுப்போர், செம்பூரில் ஓய்வூதியத்தில் வாழும் எழுத்தர்கள் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். அவர்கள் மாதந்தோறும் கட்டும் பணத்தின் கணக்கு ஆறு கணிப்பொறிகளில் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மைய வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் களவாடப்பட்டபோது, அங்கே தீயரணே இல்லை என்று விசாரணை அதிகாரிகள் கூறிய செய்தி உலகெங்கும் பரவிற்று. 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் ஏறத்தாழ 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. அது வேறு வகைக் களவு. ஆயினும் கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் உறுப்பினர்களுக்கு நெஞ்சு படபடத்தது. விலை கொடுத்துப் பெரிய கருவி வாங்கச் சங்கத்திடம் பணம் இல்லை. உறுப்பினர் ஒருவரின் பேரன், பொறியியல் படிப்பவர், பழைய கணிப்பொறி ஒன்றில் இரண்டு வலை அட்டைகளைப் பொருத்தி, குறுந்தகட்டிலிருந்தே ஓடும் தீயரண் ஒன்றை அமைத்துத் தருவதாக முன்வந்தார்.

குறுந்தகடு எதற்கு என்று கேட்கலாம். அம்முறையில் கணிப்பொறிக்கு வன்தட்டே வேண்டா. மின்விசையைத் தட்டியதும் தகட்டிலுள்ள நிரல்கள் நினைவகத்தில் ஏறி வேலையைத் தொடங்கும். ஒருமுறை எழுதி முடித்த தகட்டின்மேல் எவரும் மறுபடி எழுத முடியாது. பகைவன் எப்படியோ உள்ளே புகுந்து எதையேனும் மாற்றினாலும், பொறியை நிறுத்தித் தொடங்கினால் மாற்றம் மறைந்து, பழைய தூய நிலை திரும்பும். அவன் புகுந்த ஓட்டை மட்டும் மறையாது. அதனைப் பின்னர்ச் சொல்வோம். இம்முறை புதியதும் அன்று. 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் ரூட்டர் பிராஜெக்ட் என்னும் முயற்சியினர், 1.44 மெகாபைட் கொண்ட ஒரேயொரு நெகிழ்தட்டில் முழு வழிப்படுத்தியையும் அடக்கிக் காட்டினார்கள். பின்னர் டெவில்-லினக்ஸ் முதலிய தொகுப்புகள் குறுந்தகட்டுக்கு மாறின.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. நெகிழ்தட்டில் இடமில்லை, ஆகவே எதை விடுவது என்பதைத் தட்டே முடிவு செய்தது. குறுந்தகட்டிலோ 700 மெகாபைட் இடம் இருக்கிறது. பழைய தட்டைப்போல ஏறக்குறைய 500 மடங்கு! இடம் தடுக்காதபோது மனிதன்தான் தடுக்க வேண்டும். நம் இளைஞர் அடித்தளமாக எடுத்துக்கொண்டது டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இயக்க முறைமையும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2023இல் வெளியான டெபியன் 12ஆம் பதிப்பில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருட் பொதிகள் உள்ளன. அவற்றுள் எவை தகட்டில் ஏற வேண்டும்? இளைஞர் கொண்டுவந்த முதற் பட்டியலில், அடித்தளம் நீங்கலாக, நாற்பதுக்கு மேற்பட்ட கூறுகளின் பெயர்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நிர்வாகக் குழு கூடிற்று. பொருளாளர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் கடை வைத்து முன்னேறியவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சிக்கனத்தில் சமர்த்தர். “பொறி ஒன்று இராப்பகலாக ஓடத்தானே போகிறது? அச்சு வேலையையும், கோப்புகளைப் பகிரும் வேலையையும் அதன் தலையிலேயே வைத்தால் இன்னொரு பொறி மிச்சம் அல்லவா?” என்றார் அவர். வேறொருவர், இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்துத் தரும் இடைநிலைக் கூறு ஒன்று வேண்டும் என்றார். மற்றொருவர், எண்ணெழுத்துத் திரையைப் பார்த்தால் நமக்கு அச்சமாயிருக்கிறது, படங்களோடு கூடிய நிர்வாகப் பக்கம் இருந்தால் நல்லது என்றார். ஒவ்வொன்றையும் பேசி முடிக்கும்போது எவரேனும் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தே தீரும்: “இருந்துவிட்டுப் போகட்டும்.”

இச்சொற்களை நாம் நன்கு அறிவோம். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பரண் இல்லாத வீடு அரிது. அதன்மேல் ஓட்டை விழுந்த பித்தளை அண்டாவும், பூட்டுக் கெட்ட தகரப் பெட்டியும், எந்தக் காலத்திலோ வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்றியவையே எல்லாம். பரணிலுள்ள அண்டா யாரையும் கெடுக்காது. தீயரண் தகட்டிலுள்ள கூறு அப்படிப்பட்டதா?

அன்று என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் இணையத்தில் விட்ட ‘புழு’ நிரல் பல்லாயிரம் பொறிகள் கொண்ட வலையை நிலைகுலையச் செய்தது. அது நுழைந்த வழிகளுள் இரண்டு நினைவில் வைக்கத்தக்கவை. அஞ்சல் அனுப்பும் நிரலில் சோதனைக்காக வைத்து எடுக்காமல் விட்ட பகுதி ஒன்று. யார் யார் பொறியில் வேலை செய்கிறார்கள் என்று வெளியாருக்குச் சொல்லும் ஃபிங்கர் என்னும் சிறு சேவை மற்றொன்று. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவையே. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையும் அத்தகையதே. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறியாக்க நூலகத்தில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ‘இதயத் துடிப்பு’ வசதி 2012இல் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும் தானாகவே சேர்ந்துகொள்ளும்படி அமைந்திருந்தது. அதிலிருந்த பிழையால், ஒருமுறை கேட்டால் 64 கிலோபைட் அளவுவரை நினைவகத்தின் இரகசியம் வெளியே கசிந்தது. அவ்வசதியை நீக்கி நூலகத்தை அமைத்துக்கொண்டவர்களை அப்பிழை தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

லினக்ஸின் உட்கருவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உட்கருவுக்கு வேண்டிய பகுதிகளைத் தனித்தனிக் கூறுகளாக வைத்து, கேட்டபோது ஏற்றிக்கொள்ளலாம். டிசிசிபி என்னும் செய்திப் போக்குவரத்து முறைக்கு உரிய கூறு 2005இல் சேர்ந்தது. அதனைப் பயன்படுத்தியவர் மிகச் சிலர். 2017 பிப்ரவரியில் அதிலுள்ள பிழை ஒன்று வெளிப்பட்டது. பொறியில் சாதாரணப் பயனராக உள்ளவர் அதன்மூலம் தலைமை அதிகாரம் பெற்றுவிடலாம். ‘நாம்தான் இதனைப் பயன்படுத்தவில்லையே’ என்று எவரும் நிம்மதியாக இருப்பதற்கில்லை. தகட்டில் கூறு இருந்தால் போதும். எவனோ ஒருவன் கேட்ட மாத்திரத்தில் உட்கரு அதனைத் தானே எடுத்து ஏற்றிக்கொள்ளும். பயன்படுத்தாமை வேறு, இல்லாமை வேறு. இதனை இளைஞர் விளக்கியபோதுதான் குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தேவையான கூறுகள் ஏறிய பின், இனி எதுவும் ஏறக்கூடாது என்று உட்கருவைப் பூட்டிவிடவும் வழியுண்டு. பொறியை நிறுத்தித் தொடங்கினாலன்றி அப்பூட்டுத் திறவாது. அவ்வாறே செய்வது என்று முடிவாயிற்று.

திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும், உள்ளே வாழும் இடம் பெரிதாகவும் அமைவதே நல்லரண் என்பது அங்குக் கூறப்படும் கருத்துகளுள் ஒன்று. 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் கணிப்பொறிக் காப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இதனையொத்த கருத்தைக் காண்கிறோம். காக்கும் அமைப்புச் சிறிதாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அதனை வரிவரியாகச் சோதிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். கலைப் பட்டம் பெற்ற நமக்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் குழுவின் மனத்தை மாற்றியது இலக்கியம் அன்று; ஒவ்வொரு கூறாக எடுத்து, இது யாருக்கு வேண்டும், இதை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்ட கேள்விகளே.

இணையப் பக்கங்களைச் சேமிக்கும் கூறு விரைவில் விழுந்தது. விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொலைபேசிக் கம்பி வழியே ஒரு படம் இறங்கக் காப்பி ஆறிப்போகும். அக்காலத்தில் ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்து வைப்பதில் பயன் இருந்தது. இன்றோ பெரும்பாலான பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டே வருகின்றன. நடுவே நிற்பவர் அவற்றைச் சேமிக்க இயலாது. நேற்றைய தேவை பழக்கத்தால் இன்றும் பட்டியலில் நீடிப்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

படங்கள் நிறைந்த நிர்வாகப் பக்கத்தை விடுவதில் சிலருக்கு வருத்தந்தான். 2023 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் எக்ஸ்இ என்னும் மென்பொருளில், அத்தகைய நிர்வாகப் பக்கத்தின் வழியாகவே பகைவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கருவிகளில் புகுந்தார்கள். இணையத்தை நோக்கிய கருவிகளில் அப்பக்கத்தையே மூடிவிடுங்கள் என்று நிறுவனம் அறிவுரை கூற நேர்ந்தது. இதைக் கேட்ட பின் யாரும் அப்பக்கத்தை வற்புறுத்தவில்லை. விதிகளை மாற்ற வேண்டுமானால் பொறியின் முன் அமர்ந்து தட்டெழுத வேண்டும். மாதத்தில் ஒருமுறைகூட அத்தேவை வராது.

காவலனுக்கு உதவியாளர் என்று கருதப்படும் கூறுகள் சில உண்டு. இவற்றைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவையே மிக நல்லவைபோலத் தோன்றுவன. இணையத் தொலைபேசி போன்ற சில சேவைகள், பேச்சு நடுவே புதிய வழி ஒன்றைத் திறக்கும்படி கேட்கும். உதவிக் கூறு பொதியின் உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்து, கேட்ட துறையைத் தானே திறந்துவிடும். 2020இல் சாமி காம்கர் என்னும் ஆய்வாளர், இந்த உதவிக் கூறையே ஏமாற்றலாம் என்று காட்டினார். அலுவலகத்தில் இருப்பவர் தீய பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்தாலே போதும். அப்பக்கம் தொலைபேசி அழைப்பைப்போல வேடமிட்ட பொதியை அனுப்பச் செய்து, தீயரணின் கையாலேயே வாயிலைத் திறக்கவைக்கும். நமது சங்கத்தில் இணையத் தொலைபேசி கிடையாது. பழங்காலக் கறுப்புத் தொலைபேசி ஒன்று மூலையில் இருக்கிறது, அதுவும் அழகுக்குத்தான். உதவிக் கூறுகள் அனைத்தையும் நீக்கினோம்.

வெளியிலிருந்து உள்ளே வரும் வழி வேண்டுமா என்பதில்தான் உண்மையான போர் நடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே ஆயின. வேண்டாம் என்றவர்களின் வாதம் தெளிவானது: வழி இல்லையேல் வழிப்பறியும் இல்லை. வேண்டும் என்றவர் செம்பூரில் வாழும் கணக்கர் அம்மையார். 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், இரயில்கள் நின்றுபோனதையும், மக்கள் இடுப்பளவு நீரில் நடந்ததையும் அவர் நினைவூட்டினார். “மழைக்காலத்தில் நான் வர முடியாத நாளில், உறுப்பினர் ஒருவருக்கு மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் யார் கணக்குப் பார்ப்பது? பணத்தைப் பூட்டி வைப்பதற்கா சங்கம் வைத்தோம்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறாமல் கூறுகளைக் குறைப்பதில் பொருளில்லை. காவல் மிகுந்து, உரியவரே உள்ளே வர முடியாமற் போனால் அது அரண் அன்று, சிறை.

ஆகவே வழி வைப்பது என்று முடிவாயிற்று. எந்த வழி என்பதே அடுத்த ஆராய்ச்சி. மறைகுறியாக்கிய சுரங்கவழி அமைக்கும் மென்பொருள்கள் பல. பழையவற்றின் நிரல் வரிகள் பல்லாயிரம், சிலவற்றில் இலட்சக்கணக்கு. ஜேசன் டோனென்ஃபெல்டு இயற்றிய வயர்கார்டு என்பதோ ஏறத்தாழ 4,000 வரிகளே. 2020 மார்ச்சில் அது லினக்ஸ் உட்கருவிலேயே இடம் பெற்றது. அறிமுகமில்லாத பொதி வந்தால் மறுமொழியே தராமல் வாளா இருக்கும் இயல்பும் அதற்கு உண்டு. தட்டுகிறவனுக்குக் கதவு இருப்பதே தெரியாது. அதனைத் தேர்ந்தெடுத்தோம். திறவுகோல் இருவரிடம் மட்டும் உண்டு. அவ்விருவரும் யார் என்பது குழுவின் குறிப்பேட்டில் இருக்கிறது, வானொலியில் வேண்டா.

நீக்குவதில் சுவை கண்டவர்கள் பிறகு எல்லாவற்றையும் நீக்கத் தொடங்குவார்கள். பதிவேடு எழுதும் கூறும், கடிகாரத்தைச் சரிசெய்யும் கூறும் எதற்கு, பொதிகளைத் தடுத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். இங்கே சட்டம் துணைக்கு வந்தது. இந்திய அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த கட்டளைகளின்படி, நிறுவனங்கள் தம் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். சட்டம் இல்லாவிடினும் காரணம் விளங்கும். நேரம் தவறிய பதிவேடு, தேதியில்லாக் கடிதம் போன்றது. எது முன், எது பின் என்று வழக்கு மன்றத்தில் எவராலும் கூற முடியாது. எழுத முடியாத குறுந்தகட்டில் பதிவேடு தங்காது. ஆகவே பதிவுகளை உடனுக்குடன் உள்ளேயிருக்கும் வேறொரு பொறிக்கு அனுப்பும் கூறும் தேவைப்பட்டது. அதனைக் கூட்டினோம்.

தாக்குதலை மோப்பம் பிடித்து எச்சரிக்கும் ஸ்னார்ட் என்னும் மென்பொருள், 1998இல் மார்ட்டின் ரோஷ் தொடங்கியது, பட்டியலில் இருந்தது. அருமையான கருவி. ஆனால் அது எழுப்பும் எச்சரிக்கைகளை நாள்தோறும் படித்து, பொய் எது மெய் எது என்று பிரிக்க ஓர் ஆள் வேண்டும். சங்கத்தில் அத்தகையவர் இல்லை. யாரும் செவிகொடாத மணியைக் கட்டிவைப்பதால் காவல் கூடுவதில்லை என்று அதனை விட்டோம். இம்முடிவை ஒப்பாதவர்கள் இருப்பார்கள். நல்ல ஆள் கிடைக்கும் நாளில் நாமும் ஒப்பமாட்டோம்.

இனி, முன்பு தள்ளி வைத்த செய்திக்கு வருவோம். மாற்ற முடியாமை தகட்டின் சிறப்பு. அதுவே அதன் குறையும் ஆகும். கூறு ஒன்றில் பிழை வெளிப்பட்டால், மற்றப் பொறிகளில் புதுப்பித்துக்கொள்வதுபோல இங்கே செய்ய இயலாது. புதிய தகடு எழுத வேண்டும். அதுவரை, ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் பழைய ஓட்டை புதிதாகத் திரும்பி வரும். முகவரி வழங்கவும் பெயர் தேடவும் நாம் வைத்துக்கொண்ட டிஎன்எஸ்மாஸ்க் என்னும் கூறு மிகச் சிறியது. அதிலேயே 2017 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் ஏழு குறைகளைக் கண்டு வெளியிட்டார்கள். சிறியது என்பதால் குற்றமற்றது ஆகிவிடாது. கூறுகள் மிகுந்தால் புதிய தகடு எழுத வேண்டிய நாள்களும் மிகும். நாள்கள் மிகுந்தால் ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் வழக்கம் வரும். தேர்வு எழுதப் போகும் மாணவரை எத்தனை முறை அழைப்பது? ஒவ்வொரு கூறும் அந்த இளைஞரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கணக்கிட்டபோது, அண்ணாச்சியே பட்டியலில் கோடு கிழிக்கத் தொடங்கினார்.

நமக்கு இட்ட வேலை வேறு. தகட்டோடு ஒரு தாள் இருக்க வேண்டும்; அதில் ஒவ்வொரு கூறும் எதற்கு என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அலுவலகத்தில் கோப்புகளோடு பழகிய கைக்கு இஃது எளிய வேலை என்றே பிறர் எண்ணினார்கள். ‘உள்ளேயிருக்கும் பொறிகளுக்கு முகவரி வழங்குவது’ என்று ஒன்றுக்கு எழுதலாம். ‘நடந்தவற்றை நேரத்தோடு குறித்து உள்ளறைப் பொறிக்கு அனுப்புவது’ என்று மற்றொன்றுக்கு எழுதலாம். சிலவற்றுக்கு வாக்கியம் அமையவே இல்லை. ஆங்கிலக் குறிப்பைப் புரட்டினால், அக்கூறு அதே கூறின் வசதிகளை வழங்குகிறது என்று இருக்கும். இளைஞரைக் கேட்டால், “அது வேறொன்றுக்கு வேண்டுமாம் ஐயா, அந்த வேறொன்று இன்னொன்றுக்கு வேண்டுமாம்” என்பார்.

இந்தத் தொடர்ச்சங்கிலி விளையாட்டன்று. 2024 மார்ச் 29ஆம் நாள், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டு என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து பொறிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சேவை அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்து, எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கும் நூலகத்தில் எவரோ கள்ள வாயில் வைத்திருப்பதை உலகுக்கு அறிவித்தார். எஸ்எஸ்எச் சேவைக்கு அச்சுருக்கும் நூலகம் தேவையே இல்லை. சில லினக்ஸ் தொகுப்பினர் வேறொரு வசதிக்காக ஒரு நூலகத்தை இணைக்க, அது தன்னோடு இதனையும் அழைத்து வந்திருந்தது. விருந்தாளியோடு வந்தவரை யார் என்று கேட்காமல் இலை போட்ட கதை! வாக்கியம் அமையாத கூறுகளை நாம் தனியே குறித்துக் கொடுத்தோம். இளைஞர் அவற்றின் வேரைத் தேடிப் போனார். சில, அடித்தளத்துக்கு இன்றியமையாதவை என்று தெரிந்தது. அவற்றுக்கு வாக்கியமும் பிறந்தது. மற்றவை போயின, அவற்றை அழைத்து வந்த இரண்டு பெரிய கூறுகளும் போயின. நிரல்களை இயற்றவும் தொகுக்கவும் உதவும் கருவிகள் முன்பே போய்விட்டன. காவற்கூடத்தில் பகைவனுக்கு உலைக்களம் எதற்கு? முடிவில் எஞ்சியவை பதினாறு.

இத்தனையும் செய்தபின் சங்கத்தின் பணம் முற்றிலும் காக்கப்பட்டது என்று உறுப்பினர் எவரிடமும் நாம் கூறவில்லை. 2017 ஜூன் இறுதியில், நம் துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில், மெர்ஸ்க் குழுமத்தார் நடத்திய சரக்கு முனையம் நாட்பெட்யா என்னும் தாக்குதலால் செயலிழந்தது. உக்ரைனில் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழக்கமான புதுப்பித்தலோடு கலந்து புறப்பட்ட நச்சு, நிறுவனத்தின் சொந்த வலை வழியே உலகைச் சுற்றி நாவா சேவாவரை வந்தது. நம்பிக்கைக்குரியவர் கையில் கொடுத்து உள்ளே வரும் நஞ்சை வாயிற்காவலன் தடுப்பது அரிது. ஆகவே கணக்குகளின் படி ஒன்றை வாரந்தோறும் வலையோடு தொடர்பில்லாத தட்டில் எடுத்துவைப்பதும் குழுவின் தீர்மானத்தில் சேர்ந்தது.

தகடுகள் இரண்டு எழுதப்பட்டன. ஒன்று பொறியில் சுழல்கிறது. மற்றொன்று செயலாளரின் இரும்புப் பெட்டியில், சங்கத்தின் பதிவுச் சான்றிதழுக்கு அருகில் இருக்கிறது. பதினாறு வாக்கியங்கள் கொண்ட தாள் பொறியின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அண்ணாச்சி மட்டும் அச்சு வேலையை இன்னும் மறக்கவில்லை. சயானில் மூடப்பட்ட தட்டச்சு நிலையம் ஒன்றிலிருந்து பழைய கணிப்பொறி ஒன்றை மலிவாகப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். அரணுக்கு உட்புறம் அதனை வைத்து அச்சுப் பணியை அதனிடம் ஒப்படைக்கலாமா என்பதே வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதற் பொருள்.